கோட்டு மடிப்பும் கூட்டறிக்கையும்

உலகத்தில் எந்த இரண்டு நாடு கை குலுக்கினாலும், அது மனசோடு குலுக்கியதா, போட்டோவுக்குக் குலுக்கியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டெல்லியில் இல்லை. மேனாம்பேட்டில், எங்கள் தெருமுனைப் பூவரச மரத்தடியில், தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தூதர் என்போம். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது இருந்திருக்கும். "தூதர் கையில கொடுத்திருக்கு, சாயங்காலம் வந்துடும்" என்று நாங்கள் பேசிக்கொண்டால், புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ பெரிய இடத்து விவகாரம் என்று ஒதுங்கி நிற்பார்கள். கொடுத்தது நாலு சட்டையும் ஒரு பேண்ட்டுமாக இருக்கும்.

வண்டிக்கு எதிரே டீக்கடை. அங்கே எல்லாரும் படித்து முடித்து, பஜ்ஜி எண்ணெய் பட்டு, ஓரம் கிழிந்த பிறகு பேப்பர் தூதர் கைக்கு வரும். அவர் அதில் ஒரு வரி படிக்கமாட்டார். படம் மட்டும் பார்ப்பார். எந்த ஊர் மந்திரி எந்த ஊர் மந்திரியைச் சந்தித்தார் என்ற படம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, வெயிலில் சாய்த்து, ஒரு முழுச் சேலையைத் தேய்க்கிற நேரத்துக்குப் பார்ப்பார். அப்புறம் தீர்ப்பு வரும்.

"பேசவே இல்ல யக்கா. உள்ள போனானுங்க, படம் புடிச்சானுங்க, வந்துட்டானுங்க."

எப்படித் தெரியும் என்று முதல்முறை நான்தான் கேட்டேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலை செய்தவள் நான். ஒரு போல்ட்டை விரல் நடுவில் ஒரு சுற்று உருட்டினால் மரை சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன். படித்துவிட்டு வந்த சூப்பர்வைசர் அளவுகோல் வைத்துப் பார்த்து, கடைசியில் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போவார். அதனால் தொழில் கற்றுக்கொடுத்த அறிவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படத்திலேயே சங்கதி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி விடுவது?

தூதர் விளக்கினார். ஒருத்தன் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் பேண்ட் முழங்காலுக்குப் பின்னால் விசிறி மாதிரி கசங்கும். மேஜையில் கையூன்றி வாதாடினால் முழங்கை உள்பக்கம் கசங்கும். கோட்டின் மேலேயே உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் வாலில் ஒரு குறுக்கு மடிப்பு விழும். கோட்டுக்காரன் உட்காரும்போது பட்டனைக் கழற்றவேண்டும். கழற்றாமல் உட்கார்ந்தான் என்றால், சீக்கிரம் எழுந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தான்.

"கூட்டறிக்கைன்னு ஒண்ணு வாசிப்பானுங்க பாரு, அது முந்தின நாளே டைப் அடிச்சி வச்சது. கசங்கல மட்டும் முந்தின நாளே செஞ்சி வைக்க முடியாது."

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. டிவியில் பெரியவர்கள் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. முழங்காலைப் பார்ப்பேன். உள்ளே போகிறபோது எப்படி, வெளியே வருகிறபோது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவர்களுக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள், அந்த ஆளுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரிந்துவிடுமா என்றெல்லாம் யோசனை ஓடும். தூதரிடம் கேட்டேன். தெரியும், ஆனால் சொல்லமாட்டான், தொழில் தர்மம் என்றார்.

வளைகுடா நாட்டு நீள அங்கிக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அவர் வாயைத் திறக்கமாட்டார். பேச்சு நடக்கும்போதே நடுவில் எழுந்துபோய் வேறு அங்கி மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது அவர் சந்தேகம். "அங்க கீற இஸ்திரிக்காரன் கெட்டிக்காரன்" என்று மரியாதையோடு ஒதுங்கிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. எதிர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடித் தம்பி. கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை. வாரத்துக்கு ஐந்து சட்டை கொடுப்பார், வாங்க வரும்போது போனில் செய்தி பார்த்துவிட்டுச் சண்டைக்கு நிற்பார். ஒருமுறை இரண்டு நாட்டு ஆட்கள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வெளியே வந்தார்கள். பேச்சு முறிந்தது என்றார் தூதர். மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்ணா, தப்பாப் போச்சுங்களே?"

தூதர் அந்தப் படத்தை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "டெரிகாட்டன். இது ரெண்டு நாள் உக்காந்தாலும் கசங்காது. தப்பு என் மேல இல்ல தம்பி, துணி மேல."

அவர் பேச்சோடு நின்றுவிடவில்லை. எங்கள் தெருவின் பழைய வீட்டுக்காரர் ஒருவருக்கும் அடுக்குமாடிச் செயலாளருக்கும் கார் நிறுத்துகிற தகராறு இரண்டு வருஷமாக ஓடியது. கேட்டை மறைத்துக் கார் நிற்கிறது என்பது இவர் பக்கம். ரோடு என்ன உங்கள் பட்டாவா என்பது அவர் பக்கம். கவுன்சிலர் வரைக்கும் போயும் தீரவில்லை. தூதர் டீக்கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மரத்தடியில் போட்டு, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நிபந்தனை ஒன்றுதான். இவர் வேட்டியும் அவர் பேண்ட்டும் கசங்குகிறவரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுநடுவே குனிந்து முழங்காலைச் சோதித்துவிட்டு, இன்னும் ஆகவில்லை, உட்காருங்கள் என்பார். மூன்றாவது டீ வந்தபோது கார் நாலடி தள்ளி நிற்பதென்று முடிவாயிற்று. இருவரும் சேர்ந்தே அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று தூதர் கேட்டார். சொன்னார்கள். வீட்டுக்குப் போய் வேறு மாற்றிக்கொண்டு, கசங்கிய துணியை அவரிடமே இஸ்திரிக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

தீவிரவாதி என்கிறார்களே, அவர்களோடும் இப்படி உட்கார்ந்து பேசினால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். கரியைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"உக்காரவே மாட்டேன்றவன் தான் யக்கா அவன். அவன் துணி கசங்கறதில்ல, கிழியிறது. அவன விடு. அவனுக்குப் பின்னாடி நின்னு சாமான் குடுக்கிறான் பாரு, அவன் கோட்டு போட்டவன். அவன உக்கார வைக்கணும்."

இதெல்லாம் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம். அப்புறம் என் வீட்டுக்கே அது வந்துவிட்டது.

என் சின்ன மகன் சேகர் வளைகுடாவில் ஒரு துறைமுக ஊரில் ஏ.சி. மெக்கானிக். பக்கத்து நாட்டில் ஒரு தீவிரவாதக் கூட்டம் எல்லை தாண்டி ட்ரோன் அனுப்ப ஆரம்பித்தது. துறைமுகத்தில் தீ. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். சேகர் போன் நாலு நாளாக அடிக்கவே இல்லை. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஆயுதம் கொடுக்கிற பெரிய நாட்டு மந்திரியும் அந்த வட்டாரத்து நாடுகளின் மந்திரிகளும் வேறு ஒரு ஊரில் கூடி மூன்று நாள் பேசப்போகிறார்கள், அங்கே சண்டை நிறுத்தம் முடிவானால் விமானம் ஓடும் என்று டிவியில் சொன்னார்கள்.

நான் தெருவில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பையன் நன்றாக இருக்கிறான் என்று இரண்டு வருஷமாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய். அதே வாயால் போய், ஐயோ என் பிள்ளை என்று நிற்க எனக்கு வராது. ஆனால் தூதர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்தாகவேண்டும். சும்மா போய் நின்றால் எதற்கு வந்தேன் என்று தெரிந்துவிடும். அதனால் ஒரு நீலச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன்.

என் வாழ்நாளில் நான் இஸ்திரிக்குச் சேலை கொடுத்ததில்லை. மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தால் எனக்குப் போதும். தூதர் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிப் பிரித்தார். தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், முதல் நாள் சங்கதியைச் சொன்னார். பெரிய நாட்டுக்காரன் பட்டனைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான், ஆரம்பம் பரவாயில்லை என்றார். சேலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கொண்டுபோக எனக்கு வேறு நல்ல சேலை இல்லை. அதையே கொண்டுபோனேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. தூதர் அதைப் பிரித்தார், உதறினார், தண்ணீர் தெளித்தார், புதிதாக வந்த துணி மாதிரி அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். முழங்கை கசங்கியிருக்கிறது, வாதம் நடக்கிறது, வாதம் நடந்தால் நல்லது என்றார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போனேன். இரண்டு முறையும் அதே சேலை. சேகர் பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். டீக்கடை டிவியில் மண்டபக் கதவைக் காட்டினார்கள். கடைசிக் கூட்டம் முடிந்து வெளியே வரப்போகிறார்கள் என்றார்கள். சேலை வண்டிமேல் கிடந்தது. மூன்றாவது மாடித் தம்பி சட்டைக்காக நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது.

இரண்டு பக்கத்துப் பெரிய மந்திரிகளும் முன்னால் வந்தார்கள், இரண்டு பேரும் கோட்டுக்காரர்கள். நான் முழங்காலைப் பார்த்தேன். கத்தி மாதிரி நேராக இருந்தது. முழங்கையைப் பார்த்தேன். இழுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. பட்டன் போட்டது போட்டபடி. ஒருத்தர் காரில் ஏறத் திரும்பியபோது கோட்டு வால் தெரிந்தது. அதில் ஒரு மடிப்பு இல்லை. டெரிகாட்டனும் இல்லை, நல்ல கம்பளித் துணி. வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தூதர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் போய், விளம்பரம் வந்த பிறகும் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நல்லா கசங்கி கீது யக்கா. கோட்டுக்குப் பின்னாடி பாத்தியா? குந்திகினு பேசிக்கிறானுங்க. ஆயிடும்."

தம்பி வாயைப் பிளந்தார். "ஏனுங்ணா, எங்கீங்க கசங்..."

அவர் முடிக்கவில்லை. தூதர் ஒரு சட்டையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "உன் சட்ட ரெடி தம்பி. எடுத்துகினு கெளம்பு. ஆபீசுக்கு நேரமாவுது."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சட்டையில் ஒரு கைதான் தேய்த்திருந்தது. இன்னொரு கை பிழிந்து போட்ட மாதிரி சுருண்டு கிடந்தது. அத்தனை வருஷத்தில் தூதர் கையிலிருந்து அரைகுறையாக ஒரு துணி போய் நான் பார்த்ததில்லை. தம்பி அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். தூதரிடம் நான் சரி என்றேன். சேலையை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கு ஐந்தாவது நாள் சேகர் வாசலில் வந்து நின்றான். சண்டை நிறுத்தமும் இல்லை, விமானமும் ஓடவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி, பாலைவனம் வழியாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். தாடியும் அழுக்குமாக வந்தான். எனக்கு அது போதும்.

மறுநாள் காலை வண்டியைச் சுற்றி டீக்கடைக் கூட்டம். தூதர் சொன்னது பலித்துவிட்டது, பையன் வந்துவிட்டான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். தூதர் யார் முகத்தையும் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடித் தம்பிக்குப் பொறுக்கவில்லை. நல்ல பிள்ளைதான், ஆனால் கணக்குத் தப்பாக இருந்தால் தூக்கம் வராத ஜாதி. போனைக் காட்டினார். பேச்சு முறிந்துவிட்டது, உலகம் பூராவும் அப்படித்தான் போட்டிருக்கிறது, அன்றைக்கு எந்தக் கோட்டும் கசங்கியிருக்கவில்லை, தூதரண்ணன் பார்த்தது முழுத் தப்பு என்றார். பக்கத்தில் நின்ற என்னைத்தான் சாட்சிக்கு இழுத்தார்.

"நீங்களும் பார்த்துட்டுத்தானுங்கம்மா இருந்தீங்க. நீங்களே சொல்லுங்."

கூட்டம் என்னைப் பார்த்தது. தேய்க்கிற சத்தம் நின்றது. முப்பது வருஷம் கம்பெனியில் தப்பான ஒரு போல்ட்டை நான் சரி என்று தள்ளிவிட்டதில்லை.

"கசங்கித்தான் இருந்துச்சு தம்பி" என்றேன். "நான் பார்த்தேன்."