எங்கள் ஏரியின் குமிழி நிபுணர்

ஜெர்மனியில், எங்கள் ஐஃபெல் மலை ஏரிக்கரையில் வாத்து உண்டு, கொக்கு உண்டு, குமிழி நிபுணர் என்றோர் இனமும் உண்டு. அவரைத் தேடி அலைய வேண்டாம். பழைய எரிமலை வாய்க்குள் கிடக்கும் அந்த ஏரியில், தண்ணீர் குமிழியிடும் இடத்தில் குனிந்து பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் எகோன் கெஸ்ஸல்ஹைம். அவர் விளக்கப்படி, வாரநாட்களில் குமிழிகள் அடியில் அழுகும் இலைகளிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அதிகமென்பதால், ஏரியே கொதிக்கும். ஒரு பயணி கையை விட்டுப் பார்த்து, ஜில்லென்றல்லவா இருக்கிறது என்றார். எகோன் அசரவில்லை.

"இது குளிர்ந்த கொதிப்புங்க. வெளியூர்க்காரங்களுக்குப் பிடிபடாது."

இப்படிப்பட்டவரை எதைக் கொண்டு மடக்குவது?

போன இலையுதிர் காலத்தில் அவர் வீட்டுக்கு உருளைக்கிழங்கு அப்பம் சாப்பிடப் போயிருந்தேன். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் எடுக்க நிலவறைக்கு இறங்கினார். எங்கள் பக்கத்தில் அங்கே இறங்குகிறவர்கள் மெழுகுவர்த்தியை முழங்காலுக்குக் கீழே பிடிப்பார்கள். காற்றைவிடக் கனமான கரியமில வாயு தரையோடு தேங்கும், சுடர் அணைந்தால் ஓடிவந்துவிட வேண்டும். எகோனோ, விளக்கம் சொல்லும்போது முகம் தெரிய வேண்டுமே என்று, தலைக்கு மேல் பிடித்தார். பின்னாலேயே புட்ஸி போனது. அவர் தன் தட்டிலிருந்து ஊட்டி வளர்க்கும் குட்டைக்கால் நாய். வயிறு தரையில் உரசும்.

அழுகிய இலைகளைப் பற்றி அவர் பாதி சொல்லியிருப்பார். படியில் நின்ற மனைவி ரோஸ்விதாவின் குரல் மாறியது.

"எகோன், இலைய விடு. மெழுகுவர்த்திய இறக்கு. நாய் தள்ளாடுது பாரு."

இறக்கினார். சுடர் அணைந்தது. கூழ் ஜாடி உடைய, நாயை வாரிக்கொண்டு மேலே ஓடிவந்தார்.

முற்றத்தில் புட்ஸி நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது. எகோன் அதன் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டே ரோஸ்விதா பொரிந்து தள்ளினாள்: பூமிக்குள் ஆழத்தில் இன்னும் சூடாகக் கிடக்கும் பாறைக்குழம்பிலிருந்து கிளம்பி, வெடிப்புகளின் வழியே ஏறி, ஏரியில் கரைகிற அதே வாயுதான் நம் நிலவறைக்கும் வருகிறது, கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், கேட்டால்தானே. கடைசியில் புட்ஸி தும்மியது. எழுந்து, எகோனின் அப்பத்தைத் தின்றது. எங்களுக்கு உயிர் வந்தது.

வேலியோரம் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எகோன் எழுந்தார், கனைத்தார்.

"எல்லாம் பாறைக்குழம்புலேர்ந்து வருதுப்பா. இதத்தானே நான் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பாறைக்குழம்பு என்று படித்ததும், 'இது எனக்கு முன்னமே தெரியுமே' என்று முணுமுணுத்திருந்தால், உங்கள் காலடியில் நாய் ஏதும் நிற்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.