பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து

இலையே இல்லாத மலைக்கு ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கொழுந்து பறிக்க அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏன் என்று கேட்டவர்களிடம் அன்றைக்குக் கம்ப்யூட்டரைக் கைகாட்டினேன். (அது பாவம், பதில் பேசாது.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்து, மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆபீசில் சேர்ந்திருந்தேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்குப் போன முதல் ஆள். சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், சொல்லியிருந்தார். தேறாவிட்டால் கொழும்பில் மாமாவின் சாப்பாட்டுக் கடைதான். கொழுந்து பறிக்கும் என் அம்மாவோ, நான் ஏற்கெனவே துரையாகிவிட்ட மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

நாளைக்கு எந்த மலையில் பறிப்பது என்று கம்ப்யூட்டரே சொல்லும்படி ஒரு சூத்திரம் எழுதினேன். கடைசியாகப் பறித்து ஒரு வாரம் தாண்டியிருக்க வேண்டும், மருந்து அடித்திருக்கக் கூடாது, கவ்வாத்து வெட்டியிருக்கக் கூடாது. மூன்று நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். நான் எழுதியதோ, ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்கிற மாதிரி. பத்தாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டி, செடிகளை வெறும் குச்சிகளாக விட்டிருந்தார்கள். இலை இல்லாததால் வாரக்கணக்கில் யாரும் அங்கே பறிக்கவில்லை. ஒரு வாரம் தாண்டியதா? நன்றாகவே தாண்டியிருந்தது. ஆகவே அதற்குத்தான் முதலிடம்.

காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில், நான் கொடுத்த தாளைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

“தம்பி, பத்தாம் நம்பரு கவ்வாத்து மலை இல்லைங்களா?”

“கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பாத்துத்தாங்க சொல்லுது,” என்றேன். (நான்தான் பார்க்கவில்லை.)

கம்ப்யூட்டர் சொல்படிதான் நடக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. கூடைகள் மலையேறின. சற்று நேரத்தில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. துரை என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். மாமாவின் கடையில் தட்டுக் கழுவுவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

மலை முழுக்கக் குச்சிகள். பெண்கள் கூடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் குனிந்து செடி செடியாகத் தேடிக்கொண்டிருந்தார். என் அம்மா.

“நீ என்னா செய்றது?” என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“கொழுந்து இருக்குன்னு கம்ப்யூட்டரு சொல்லிருச்சுங்க தொர. இவளுக சிரிக்கிறாளுக. கெடைக்கும், தேடிப் பாக்குறேங்க.”

அம்மாவின் உள்ளங்கையில் நகக்கண் அளவில் நாலைந்து துளிர்கள் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. துரை அந்தத் துளிர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“எல்லாருக்கும் பேர் போடு,” என்றார் கணக்கப்பிள்ளையிடம். அன்றைய முழுச் சம்பளமும் உண்டு என்று அர்த்தம். என்னிடம், “அது திருத்து. நாளைக்கு வா,” என்றார்.

திருத்தினேன். வேலையும் தப்பியது. ஆனால் பத்தாம் நம்பர் என்றால் இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன் பெயர் கம்ப்யூட்டர் மலை. போன விடுமுறையில் என் மகளைக் கூட்டிப் போனபோது, அம்மா அவளை வாசலுக்கு அழைத்துப் போய் அதைக் காட்டினார்.

“இந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ தொரைமாரு வந்து போனாங்க கண்ணு. ஒங்கப்பன் பேருலதான் ஒரு மலை இருக்கு.”