கேப்பிட்டல் அண்ணாத்த நிறுத்திய லாரி

உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் எழுதத் தெரியாது என்று நம்பிய ஒரே மனிதர் கேப்பிட்டல் அண்ணாத்ததான். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், உலோகங்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு விஞ்ஞானி வேலை. அங்கே அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவர் அவர். செய்யூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஆங்கிலத்தில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்பதே அவருக்கு உயிர்; 'கேப்பிட்டல்' என்ற பட்டப்பெயரும் அதனால்தான். கெல்வின் என்ற வெப்ப அலகைப் பெரிய எழுத்தில் தொடங்கியதற்காக என் முதல் அறிக்கை மூன்று முறை திரும்பி வந்தது.

"கெல்வின்னு ஒரு மன்சன் இருந்தாரு, அவருக்குப் பெரிய எழுத்து. சூட்டை அளக்கச்சொல்லோ சின்ன எழுத்து. அதையே சுருக்கி ஒத்த எழுத்தா போட்டா, மறுபடி பெரிசு."

இது என்ன நியாயம் என்று கேட்டேன். சட்டம் போட்டது தானில்லை, வெறும் காவல்காரன் என்றார்.

ஒருமுறை மாமல்லபுரம் ஓட்டலில் எங்களுக்கு விருந்து. சுவரில் மீன்களின் அறிவியல் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். பெயரின் இரண்டாவது சொல் விதிப்படி சின்ன எழுத்தில் தொடங்கவில்லை, திருத்த வேண்டும் என்று அண்ணாத்த ஏணி கேட்டார். அவர் இறங்குவதற்குள் நண்டு வறுவல் ஆறிப்போனது.

பிறகு புதிதாக ஒரு கொள்முதல் அதிகாரி வந்தார். தெளிவாக இருக்க வேண்டுமாம், இனி எல்லா ஆர்டரும் முழுக்கப் பெரிய எழுத்தில்தான் என்று சுற்றறிக்கை விட்டார். அர்த்தமே மாறிவிடும் என்று அண்ணாத்த மறுத்தார். கையில் மெமோவைக் கொடுத்து, வாசலில் வண்டி வருகையைப் பதிகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த முகத்தை அன்று எங்களால் பார்க்க முடியவில்லை.

இரண்டே வாரம். மறைமலைநகரிலிருந்து ஒரு லாரி வந்தது. சீட்டையும் சரக்கையும் பார்த்தவர் கேட்டைத் திறக்க மறுத்தார். அதிகாரி கோபமாக இறங்கி வந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

அண்ணாத்த குரலை உயர்த்தவில்லை. "கோபால்ட் தூள் ரெண்டு டப்பா கேட்டாங்க சார். சீட்டுல சி, ஓ ரெண்டையும் பெரிசா அடிச்சு அனுப்பிட்டாங்க. வந்துகீறது ரெண்டு சிலிண்டர் விஷவாயு. சி பெரிசு, ஓ சின்னதுன்னா கோபால்ட். ரெண்டையும் பெரிசாக்கினா கார்பன் மோனாக்சைடு. மூச்சு நின்னுடும்."

அதிகாரி சீட்டைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். லாரியைத் திருப்பச் சொன்னார். அன்று மாலையே சுற்றறிக்கை ரத்து. ரத்து உத்தரவை எழுதி, அனுப்புவதற்குமுன் அதிகாரியே வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணாத்த இரண்டு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பழைய மேஜை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மதியம் கேன்டீனுக்குள் அவர் நுழைந்தபோது இயக்குநர் உட்பட எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கூச்சத்தில் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டார். மூன்று வருஷமாக அவரைக் கண்டால் வேறு வழியில் போய்க்கொண்டிருந்த நான், அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.