ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஏழைகள்

பதினோரு மணிக்கு, நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து அதிகாரி அம்மாள் வருகிறார். மணி பத்தாகிவிட்டது. இலவசத் தையல் பயிற்சி மையத்தில் பேருக்குக்கூட ஓர் ஏழை இல்லை.

மையத்தின் செயலாளர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு தையல் மெஷின்களும் உறை மாட்டியபடி வரிசையாக நின்றன. போன மாதம் வரை அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் துணிக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. புதிதாக யாரும் சேரவில்லை; அக்கம்பக்கத்தில் தையல் தெரியாதவர்களே தீர்ந்துவிட்டார்கள். போனவர்கள் சும்மா போகாமல் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பச்சைத் துரோகம் என்று நினைத்தார்.

இன்றைய ஆய்வில் தேறினால்தான் மையம் தொடரும். இல்லாவிட்டால் பூட்டு. அவருடைய சுழல் நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை, விழா மேடையில் ஓர் இடம் எல்லாம் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் சேவையைத் தவிர வேறு பிழைப்பும் அவருக்குத் தெரியாது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒரு மணி நேரம் ஏழையா இருக்கணும். உங்கம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வா."

"உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அதைத்தானே செய்றேன்" என்றாள் மனைவி.

மூவரும் வந்தார்கள். போட்டோ எடுப்பார்கள் என்று கொழுந்தியாள் உதட்டுச் சாயமும் கண் மையுமாக வந்திருந்தாள். செயலாளர் அவளைக் குழாயடிக்கு விரட்டி முகத்தைக் கழுவ வைத்தார். கண் மை கன்னம் வரை வழிந்து, அவள் நாலு நாள் அழுதவளைப் போல ஆனாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டார்.

தொல்லை மாமியாரிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் முப்பது வருஷம் தையல்கடை நடத்தியவர். மெஷினைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. செயலாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்திருந்தார்.

"அத்தை, கொஞ்சம் கோணலாத் தைங்க. நீங்க இன்னும் கத்துக்கலை."

"தொழில்ல விளையாட மாட்டேன் மாப்ளே."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. செயலாளர் பாய்ந்து போய் மெஷினிலிருந்த நூலை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலைக்குப் போன பெண்களின் பெயர் எழுதிய பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதிகாரி அம்மாள் உள்ளே நுழைந்தபோது மாமியார் நூலில்லாத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாகக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

மாமியார் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். "நாலு வருஷமாங்க. இவர் சொல்லிக்குடுக்கற லட்சணத்துக்கு இன்னும் ஊசியில நூல் கோக்கவே வரல."

செயலாளருக்கு மூச்சு நின்றது. ஆனால் அதிகாரியின் பேனாவும் நின்றிருந்தது. இரக்கப்படுகிறார் என்று முடிவு கட்டினார் செயலாளர். உடனே தெம்பு வந்துவிட்டது. மற்ற ஒன்பது பேரும் நாலு வருஷமாக இங்கேயேதான் இருக்கிறார்கள், இன்றைக்கு ஒன்பது பேருக்கும் காய்ச்சல் என்று அளந்துவிட்டார்.

"ஒருத்தர்கூட வேலைக்குப் போகலையா?" என்றார் அதிகாரி.

"சத்தியமா இல்லீங்கம்மா. எங்களை விட்டா அவங்களுக்கு யார் இருக்காங்க?"

அதிகாரி அவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபைலை மூடிவிட்டு, போனில் பேச வராந்தாவின் கோடிக்குப் போனார். மனசு உருகிவிட்டது போலிருக்கிறது என்று செயலாளர் பூரித்துப் போனார். படியருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் தோளில் கைபோட்டார்.

"அம்மா ரொம்பக் கலங்கிட்டாங்க. எங்களுக்கு நிதி உறுதிதானே?"

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியல சார். காலைல இன்னொரு மையத்துக்குப் போனோம், ஈ காக்கா இல்ல. கத்துக்கிட்டவங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். அம்மா கார்ல உக்காந்தபடியே அவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."