தேனப்பன் கரடி குடியை விட்ட கதை

ஒரு காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. இலுப்பைப்பூ புளிக்கும் பருவத்தில் காடே தள்ளாடும்; தேனப்பன் மட்டும் நேராக நடக்கும். ஒரு சொட்டும் தொட்டதில்லை என்ற பெருமையை வேறு யாரும் பேசாததால் அதுவே பேசிக்கொள்ளும்.

ஒருநாள் அதற்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. ஆந்தை டாக்டர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டது.

"இதயத்துல ஒரு வால்வு சரியா மூடலை. ஆபரேஷன் பண்ணணும். முதல்ல ஈரலை ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

"கோளாறு நெஞ்சுல. ஈரலை எதுக்கு டாக்டர்?"

"வால்வு ஒழுகினா ரத்தம் பின்வாங்கி ஈரல்ல தேங்கும். ஈரல் இறுகிடும். எவ்வளவு இறுகியிருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்."

ஸ்கேன் அறை வாசலில் குடிகாரக் காட்டுப்பன்றி உட்கார்ந்திருந்தது. தேனப்பனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டது.

"நீங்களுமா மாப்ளே! சொல்லவே இல்லையே!"

ஈரல் இறுக ஆரம்பித்திருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றது ஆந்தை. தேனப்பன் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. மனைவி மரகதம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

"குடிக்காத ஈரல் எப்படிங்க இறுகும்?"

ஆந்தையே வந்து படம் வரைந்து விளக்கியது.

"டாக்டருக்கும் ஊத்திக் குடுத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு மரகதம் அம்மா குகைக்குப் போய்விட்டது. அதன் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் நடக்காது.

தேனப்பனுக்கு நாளுக்கு நாள் மூச்சு முட்டியது. சாகப் பயமாக இருந்தது. கடைசியில் மாமியார் குகை வாசலில் போய் விழுந்தது.

"ஆமா மரகதம், குடிச்சேன். மரப்பொந்துல ஒளிச்சு வச்சுக் குடிச்சேன். இனிமே தொட மாட்டேன்."

மரகதம் தேம்பித் தேம்பி அழுதது. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் போறேன்?" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது ஈரல் இளகியிருந்தது.

"குடியை விட்டா ஈரல் தானா தேறிடும்" என்றது காடு. "அது வால்வு..." என்று ஆரம்பித்த ஆந்தையை உட்காரச் சொன்னார்கள்.

தேனப்பனை மதுவிலக்குச் சங்கத் தலைவராக்கினார்கள். மாலை போட வந்த காட்டுப்பன்றி மேடையில் இரண்டு முறை தடுக்கி விழுந்தது.

"எப்படி மாப்ளே விட்டீங்க?"

"ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்றது தேனப்பன். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நீதி: ஒழுங்காக வாழ்ந்தவனை ஊர் நம்பாது, திருந்தியவனைத்தான் நம்பும். ஆகவே திருந்துவதற்கு ஏதாவது ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.