மூன்றாவது பெயர்

"மூணு," என்றார் டாக்டர் ஜெயபாலன், ஸ்கேன் திரையைக் காட்டி.

ராமச்சந்திரன் திரையில் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தான். ஒன்பது வருடம் காத்திருந்து, மலேசியாவின் செனாயிலிருந்து ஜொகூர் பாரு கருத்தரிப்பு கிளினிக்குக்கு அலையாய் அலைந்து வந்த கர்ப்பம். ஒரே ஒரு கரு வைப்பதாகத்தான் அவனும் மனைவி மீனாளும் பேசி வைத்திருந்தார்கள். கரு வைத்த அன்று அவன்தான் படிவத்தில் ஒன்றை அடித்து இரண்டாக்கி, அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, காரை நகர்த்த ஓடினான்.

காரணம் இருந்தது. மூத்த பிள்ளைக்கு அவன் அப்பச்சி, அதாவது அப்பா பெயர்தான்; செட்டிநாட்டு வழக்கம். மாமியாரோ தன் வீட்டுக்காரர் பெயர்தான் வேண்டுமென்று, பிறக்காத பிள்ளைக்காக வருடக்கணக்கில் சண்டை. இரண்டு பிறந்தால் தாத்தாவுக்கு ஒன்றாகப் போச்சு! இரண்டும் பெண்ணாகிவிட்டால்? அதை அந்த மனுஷன் யோசிக்கவேயில்லை.

"மேடத்துக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. மூணையும் சுமந்தா ஆபத்து. ஒண்ணக் குறைக்கலாம். ஆனா அம்மா உடம்புக்கு ஆபத்துன்னு நான் எழுதினாத்தான் சட்டம் விடும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

வெளியே வந்ததும் ராமச்சந்திரன் கவுண்டரில் கத்தினான். "யாரக் கேட்டு மூணு வச்சீங்க? கேஸ் போடுவேன்!"

"ஃபைல எடுக்கட்டுமா சார்?" என்றாள் நர்ஸ் பிரேமலா.

ஃபைலை எடுத்தால் அவன் குட்டு உடைந்துவிடும். "அலமாக், வேணாம் லா!"

"கேஸுன்னா எடுத்துத்தான் ஆகணும்," என்று அவள் உள்ளே போனாள்.

வேறு வழியில்லை. மீனாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "மீனா, நான்தான் ஒண்ண ரெண்டாக்கினேன். மன்னிச்சிரு."

திட்டு விழும் என்று பார்த்தான். "பரவால்ல, விடுங்க," என்றாள். அவ்வளவுதான். அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"நீ நல்லா இருக்கணும் மீனா, எனக்கு அதுதான் முக்கியம். ரெண்டு போதும். எங்க அப்பச்சி பேருக்கு ஒண்ணு, உங்க அப்பச்சி பேருக்கு ஒண்ணு. மூணாவதுக்கு வைக்க யாரு பேரு இருக்கு?"

மீனாள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

பிரேமலா ஃபைலோடு வந்தாள்.

"கிளினிக் மேல தப்பில்ல சார். நீங்க கார நகர்த்தப் போனப்ப இந்த அக்காதான் ரெண்ட மூணாக்கினாங்க, 'ரெண்டுக்கும் பேரு முடிவாயிருச்சு, ஒண்ணுக்காவது நான் பேரு வைக்கிறேனே'ன்னு."