மெதுவாப் போப்பா

மூன்றாவதாகக் காரைப் பார்க்க வந்தவர் தெருமுனை வரைதான் ஓட்டினார். என்ஜினை அணைக்காமலே இறங்கிவிட்டார். பக்கத்து சீட்டில் பல் டாக்டர் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், கியர் ஒத்து வரலையா?"

"கியர் வெண்ணெய் மாதிரி இருக்கு. பின்னாடிலேர்ந்து ஒரு அம்மா 'மெதுவாப் போப்பா'ங்கறாங்க. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். எனக்கு வேண்டாம் சார்."

முன்னால் வந்த இருவரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். டாக்டர் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

இத்தாலியில் செய்த பழைய குட்டிக் கார் அது. துருப்பிடித்த கூடாக வாங்கி, வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்துப் புதுசாக்கியிருந்தார். விற்க மனசே இல்லை. ஆனால் மனைவி வயிற்றில் இரட்டைக் குழந்தை. பிரசவத்துக்குள் பெரிய வண்டி வந்தாக வேண்டும்.

பழைய ரேடியோதான் எதையோ பிடித்துப் பேசுகிறது என்று முடிவு கட்டி, அதைப் பிடுங்கினார். பிடுங்குவது அவருக்குக் கைவந்த வேலை. அடுத்து வந்த தையல்காரர், குரலோடு பின்கழுத்தில் மூச்சும் பட்டது, சில்லென்று இருந்தது என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

டாக்டர் பின் சீட்டையே கழற்றிவிட்டார். ஓட்டிப் பார்க்க வந்த தலைமையாசிரியை கண்ணாடியில் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார்.

"சீட்டை ஏன் சார் எடுத்தீங்க? வயசானவங்க, பாவம், தரையில உக்காந்திருக்காங்க."

டாக்டர் திரும்பினார். வெறும் தகரத் தரைதான் தெரிந்தது. அன்று மாலையே சீட்டைத் திரும்பப் பூட்டி, மேலே ஒரு மெத்தையும் போட்டு வைத்தார்.

கடைசியில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வந்தார். டாக்டர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அதனால என்ன டாக்டர்? நான் ஒண்டிக்கட்டை. பேச்சுத்துணைக்கு ஆச்சு."

டாக்டரே காரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பினார். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் டாக்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் சாய்ந்துகொண்டு நிம்மதியாக வந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"என்ன டாக்டர், ஊரையே சுத்திட்டேன், ஒரு முணுமுணுப்புகூட இல்லை. இப்படி ஏமாத்திட்டீங்களே."

போனை வைத்துவிட்டு டாக்டர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"அவங்க எப்படிங்க கார்ல இருப்பாங்க? கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பின்னாடியேதானே நடக்கறாங்க. உங்க பக்கத்துச் சொந்தமாக்கும்னு நான் ஒண்ணும் கேட்டுக்கலை."